வலப்பக்கத் தகடு

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பினாங்கில் புத்தியுள்ள எவரும் வெளியே நிற்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு நாய்கூட காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவர் என்னைக் கூப்பிடுவார். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அதன் முள் அவருக்குப் பிடித்த இடத்துக்கு இறங்குவது நாளில் அந்த ஒரு வேளைதான்.

"வாம்மா, ஈரம் கொறஞ்சிருச்சு. மழைக்கு முந்தி அடிச்சிடலாம்."

அடிப்பது என்றால் பெயிண்ட் அடிப்பது. சரியாகச் சொன்னால் பெயிண்ட்டுக்கு முந்திய பூச்சு, பிரைமர். எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஜெலுத்தோங்கில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மூலை வீட்டின் கார் போர்ச்சில் என் கணவர் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். பொம்மை இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை, கூட வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஆணி ஆணியாக அடித்துச் சேர்க்க வேண்டும். பெட்டிகள் வந்த நாளிலிருந்து எங்கள் கார் தெருவில் வெயிலில் நிற்கிறது.

அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். சின்ன விமானம் ஓட்டும் லைசென்ஸும் வைத்திருக்கிறார். நான் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். டாக்டர் பல்லைக் குடையும்போது எச்சில் உறிஞ்சும் குழாயை நோயாளியின் வாயில் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. வாரம் முழுக்க டாக்டருக்குப் பிடிப்பேன். சனிக்கிழமை கிளினிக் அரை நாளில் மூடியதும் வீட்டுக்கு வந்து இவருக்குப் பிடிப்பேன்.

பிடிப்பது எதை என்று சொல்ல வேண்டும். விமானத்தின் தோல் முழுக்க மெல்லிய அலுமினியத் தகடுகள். அலுமினியம் கெட்டுப்போகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "இட்லிப் பானை அடியில வெள்ளையாப் பூத்திருக்கே, அது என்னவாம்?" என்று கேட்டு என் வாயை அடைத்தார். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் உப்புக் காற்றின் ஈரம் போய் உட்கார்ந்துகொண்டால் அங்கிருந்து அரிக்கத் தொடங்குமாம். ஆணி அடித்து மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு தகட்டின் உள்பக்கத்துக்கும் பச்சை நிறத்தில் பிரைமர் அடித்தாக வேண்டும். வறண்ட நாட்டில் இருப்பவர்கள் அடிக்காமலே விட்டுவிடுவார்களாம். எங்கள் வீட்டில் கடலோரக் கம்பிக் கதவே வருஷத்துக்கு ஒரு முறை செதில் செதிலாக உதிர்கிறது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தகட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி, நார்ப்பட்டையால் தேய்த்துப் பளபளப்பைக் கொன்று, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் வியர்வையே போதும், பூச்சு ஒட்டாமல் போய்விடும். கையுறை போடாமல் கிட்டே போனால் என் கணவர் கத்துவார். சாதாரணமாகக் குரலை உயர்த்தாத மனுஷன், தகட்டுக்கு மட்டும் கத்துவார்.

துடைத்த தகட்டை இரண்டு கம்பிக் கொக்கிகளில் தொங்கவிட்டு அடிப்பார். ஸ்ப்ரே கன் விடும் காற்றின் வேகத்தில் அது கப்பல் பாய் மாதிரி ஆடும். ஆடாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும், ஈரப் பூச்சில் எதுவும் படாமல் திருப்பவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இதெல்லாம் நடப்பது ஒரு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள். தூசி ஒட்டக்கூடாது என்று போர்ச்சின் பாதியைத் தடித்த பிளாஸ்டிக்கால் அடைத்து, நுழைய ஒரு ஜிப் வைத்திருக்கிறார். ஃபேன் கிடையாது, தூசி கிளம்புமாம். இரண்டு பேருக்கும் உடம்பு முழுக்க மூடும் வெள்ளை உடை, கையுறை, கண்ணாடி, இரண்டு பக்கமும் வடிகட்டி துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் முகமூடி. உள்ளே போய் ஜிப்பை இழுத்துவிட்டால் அந்தத் தகடு முடியும்வரை வெளியே வர முடியாது. கலந்த பிரைமர் டப்பாவிலேயே இறுகிப்போகும். பாதியில் நிறுத்தினால் பூச்சு திட்டுத்திட்டாகும். மூக்கு அரித்தாலும் சொறிய வழியில்லை. வியர்வை கழுத்து வழியாக இறங்கிக் கையுறைக்குள் தேங்கும். முதல் நாள் வெளியே வந்து கையுறையைக் கழற்றியபோது தண்ணீர் கொட்டியது. அவர் ஓடிப்போய் ஐஸ் போட்ட சிராப் சர்பத் கலந்து வந்து கொடுத்தார். அதில் குறை வைத்ததே இல்லை. ஐஸ் தண்ணீர் கொடுத்து வேலை வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்த அவஸ்தையைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை இறுக்கியது வேறு. அந்த விமானத்தில் இரண்டு சீட்டு. இடப்பக்கம் ஓட்டுகிறவர். வலப்பக்கம் நான்.

அவர் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார். கோயிலில், கல்யாணத்தில், அவருடைய ஆபீஸ்காரர்கள் வேடிக்கை பார்க்க வரும்போது. "ரெண்டாவது சீட்டு இவளுக்கு" என்று சொல்லிக்கொண்டே என் தோளைத் தொடுவார். கேட்டவர்கள் உருகிப்போவார்கள். அவருடைய அக்கா, என் நாத்தனார், தாசேக் கெலுகோரிலிருந்து வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். "என் தம்பி உனக்காகப் பிளேன் கட்டுறான். எந்தப் பொம்பளைக்கு இந்தக் கொடுப்பினை கெடைக்கும், சொல்லு? என் வீட்டுக்காரரு எனக்கு ஒரு நாற்காலிகூட ரிப்பேர் பண்ணித் தரல."

நான் சிரித்து வைப்பேன். எனக்கு அடைபட்ட இடம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். லிஃப்டில் கதவு மூடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கூடாரத்தையே, பிளாஸ்டிக் வழியாகத் தெரு தெரிவதால்தான் தாங்கினேன். பெட்டிகள் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு முதுகு வலிக்காக எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போனேன். குழாய்க்குள் தள்ளிய உடனே கையில் கொடுத்திருந்த மணியை அமுக்கினேன். வெளியே இழுத்தார்கள். மறுபடி தள்ளினார்கள், மறுபடி அமுக்கினேன். வெளியே காத்திருந்த இவரிடம் மெஷினில் கோளாறு என்று சொல்லிவிட்டேன். அப்படிப்பட்டவளை, தோளோடு தோள் இடிக்கும் ஒரு அலுமினியக் கூண்டுக்குள் உட்காரவைத்து, மேலே கண்ணாடி மூடியைச் சாத்தி, ஆகாயத்துக்குக் கொண்டுபோகப் போகிறார். அங்கே அமுக்குவதற்கு மணி கிடையாது.

சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொல்ல முடியவில்லை. மனுஷன் எனக்காகக் கட்டுகிறார் என்று ஊரே சொல்கிறது. அதை வைத்துத்தான் என்னை நாலு பேர் பொறாமையோடு பார்த்தார்கள். அந்தச் சீட்டை வேண்டாம் என்று சொன்னால் அவரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தேன். இதில் கொடுமை, அந்தக் கூண்டை நானே பிடித்துக்கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். முதலில் வால். பிறகு இறக்கைகள். பிறகு உடம்பு. ஒவ்வொரு தகடு முடியும்போதும் அவர் இன்னொரு படி முன்னேறினார், நான் என் கூண்டுக்கு இன்னொரு படி கிட்டே போனேன்.

அதனால் முகமூடிக்குள் பேச ஆரம்பித்தேன்.

எங்களிடம் அப்போது இருந்த கம்ப்ரசர் சின்னது. ஸ்ப்ரே கன் இழுக்கிற காற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிற்காமல் ஓடும். அரிசி அரைக்கிற மெஷின் பக்கத்தில் நிற்பது மாதிரி சத்தம். அதோடு முகமூடி வேறு. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். முதலில் சும்மா திட்டினேன். "சூடு தாங்கல, இந்த மனுஷனுக்கு ஒரு மீன் தூண்டில் வாங்கிக் கொடுத்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்" என்பது மாதிரி. பிறகு ஒரு நாள் அந்த வார்த்தை தானாக வந்தது. "நான் ஏற மாட்டேன்." சொன்னதும் நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன். அவர் எனக்கு எதிரே, தகட்டின் அந்தப் பக்கம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோடு கோடாக அடித்துக்கொண்டிருப்பார். நான் இந்தப் பக்கம் நின்று, "நான் ஏற மாட்டேன், செத்தாலும் ஏற மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வெளியே வந்து சிராப் குடிக்கும்போது "நல்லா வந்திருக்கு இல்ல?" என்று கேட்பார். "நல்லா வந்திருக்கு" என்பேன்.

கடைசிப் பெரிய தகடு விமானத்தின் வலப்பக்கம். என் சீட்டின் பக்கவாட்டுச் சுவர். அதை ஆணி அடித்து மூடுவதற்குள் கூடாரத்துக்கு வெளியே, முகமூடி இல்லாமல், நேருக்கு நேர் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அது மூடிவிட்டால் அந்தக் கூண்டு கூண்டாகவே ஆகிவிடும். அதற்குப் பிறகு சொல்ல எனக்குத் தைரியம் வராது என்று எனக்கே தெரியும்.

அந்தத் தகட்டைத் தேய்த்துத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்த வாரம் மழை விடவில்லை. முள் இறங்கவே இல்லை. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

நாத்தனார் காலையிலேயே பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை வழக்கமாக ஒரு காரோடும் ஒரு கிரைண்டரோடும் முடிந்துவிடும். இந்தத் தடவை நாத்தனாருக்குக் கை நிறைய வேலை. ட்ரில், ரம்பம், ஆணி அடிக்கும் துப்பாக்கி, கம்ப்ரசர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் மேஜைக்கு வந்து நின்றார்.

"இதுதானே இவ உக்கார்ற பக்கம்?"

"அக்கா, அதைத் தொடாத! வெறுங்கை படக்கூடாது" என்று என் கணவர் பதறிக்கொண்டு வந்தார்.

"சாமிக்குமாடா படக்கூடாது?"

அவர் வந்து சேர்வதற்குள் நாத்தனார் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் தகட்டின் குறுக்கே நீளமாகப் பட்டை இழுத்துவிட்டார். நடுவில் வட்டமாகச் சந்தனம். அதன்மேல் குங்குமம். என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் துணியையும் அசிட்டோனையும் தேடி ஓடினார். நாத்தனார் கையை நீட்டித் தடுத்தார்.

"நாளைக்குக் காலையில மறு பூஜை முடியற வரைக்கும் ஆயுதத்த எடுக்கக்கூடாது. ஒனக்குத் தெரியாதா? பூஜையில வச்சத எடுத்துத் தொடைக்கிறேங்கிற. அப்புறம் அதுல ஏறிப் பறக்கப் போறது யாரு? இவதானே?"

என்னை வைத்து மடக்கிவிட்டார். தொழிற்சாலையில் எத்தனையோ பேரை மேய்க்கிறவர் அக்கா முன்னால் துணியைக் கீழே வைத்துவிட்டார். ஈரத் திருநீறும் சந்தனமும் குங்குமமும் துடைத்த வெறும் அலுமினியத்தின்மேல் இரவெல்லாம் இருந்தன. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மறுநாள் விஜயதசமி பூஜை முடிந்து கற்பூரம் அணைவதற்குள் அவர் துடைத்தார். இலேசாக மங்கல் தெரிந்தது. நார்ப்பட்டையால் தேய்த்தார், போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தது, பிரைமர் அடித்தோம், அழகாகப் பச்சையாக வந்தது. அன்றைக்கும் முகமூடிக்குள் சொன்னேன். வெளியே வந்து சொல்லவில்லை.

ஆணி அடிக்கும் நாளுக்கு முன்பு அவர் ஒரு சோதனை செய்வார். பூச்சின்மேல் பசை டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று பிய்ப்பார். ஒன்றும் வரக்கூடாது. அன்றைக்கு டேப்போடு பச்சை வந்தது. இன்னொரு டேப் ஒட்டினார், இன்னும் வந்தது. பிய்த்து முடித்தபோது தகட்டின் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடும் நடுவில் ஒரு வட்டமும் பளிச்சென்று நின்றன. தகடு பட்டை போட்டுக்கொண்டு பழனிக்குக் கிளம்பின மாதிரி இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. "பிள்ளையார் புடிக்கக் கொரங்கா முடிஞ்சது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. திருநீறு சாம்பல், குங்குமத்தில் சுண்ணாம்பு, இரண்டும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்துக்கு ஆகாது என்று விளக்கினார். ஒரு மனிதன் இத்தனை வருஷம் உப்புக் காற்றுக்குப் பயந்து பயந்து கட்டியதை, வீட்டுக்குள்ளிருந்தே அரிக்கவிட்டுவிட்டோம் என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அரிப்பு மேலோடுதான், தேய்த்து எடுத்துவிடலாம் என்றதும்தான் முகம் தெளிந்தது. பூச்சு முழுவதையும் உரித்து, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கூடாரத்துக்குள் இன்னொரு தடவை வேக வேண்டும் என்பதுகூட உறைக்கவில்லை. தவணை கிடைத்த குற்றவாளி மாதிரி இருந்தது. நாத்தனாரின் மூன்று விரலை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

உரித்துத் தேய்த்து முடிப்பதற்குள் பழைய கம்ப்ரசர் உயிரை விட்டது. பெரியதாகப் புதிது ஒன்று வாங்கி வந்தார். தொட்டி பெரிது, நிறைந்ததும் தானாக நின்றுவிடும், வேண்டும்போது தானாக ஓடும் என்று வந்த அன்று ஆசையாகச் சொன்னார். அவர் எந்த மெஷினைப் பற்றிச் சொன்னாலும் நான் "ஊம்" கொட்டுவேன். அன்றைக்கும் அப்படித்தான் கொட்டினேன்.

சனிக்கிழமை. இரண்டு மணி. ஜிப்பை இழுத்து மூடினார். வலப்பக்கத் தகட்டின் இரண்டு ஓரத்தையும் நான் பிடித்தேன். கம்ப்ரசர் ஓடியது. அவர் மேலிருந்து கீழே கோடு போட ஆரம்பித்தார். நானும் ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஆணி அடித்தால் அடித்ததுதான் என்று நினைத்ததும் வழக்கத்தைவிடச் சத்தமாக வந்தது.

"நான் ஏற மாட்டேன். இந்தப் பொட்டிக்குள்ள என்னைப் போட்டு மூடாதீங்க. நான் ஏற மாட்டேன்."

ஒரு கோடு முடிந்து அவர் விசையிலிருந்து விரலை எடுத்த நேரம். கம்ப்ரசரும் நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. என் குரல் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் எனக்கே கேட்டது. தெருவில் ரொட்டிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டு போவதும் கேட்டது.

அவர் தகட்டின் மேல்விளிம்புக்கு மேலாக என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும் தெரிந்தது. பிறகு அடுத்த கோட்டை அடிக்க ஆரம்பித்தார். பாதியில் விட முடியாது, எனக்கும் தெரியும். நானும் கையை எடுக்க முடியாது, எடுத்தால் ஈரத் தகடு ஆடிப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு ஓடவும் முடியாமல், அதைக் கேட்ட ஆளுக்கு எதிரிலேயே, அவருக்காகவே பிடித்துக்கொண்டு நின்றேன். திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். திருப்பினேன். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு நீளமான வேலை வேறு இருந்ததில்லை.

வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றினார். கன்னத்தில் ரப்பர் அழுத்திய தடம் சிவந்திருந்தது.

"எப்பலேர்ந்து?"

"வால் செய்யும்போதே."

ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கோபப்படுவார், அல்லது நொந்துபோவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் சொன்னது இதுதான்.

"நீ ஏற மாட்டேன்னு எனக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"ஸ்கேன் எடுத்த அன்னிக்கே அந்த நர்ஸ் சொல்லிட்டாங்க, நீ உள்ள நிக்கலன்னு. அதுக்குள்ளேயே நிக்காதவ இதுக்குள்ள எப்படி நிப்ப?"

"பின்ன ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்றது? வீட்டு முன்னுக்குப் பிளேன் கட்டிட்டு, நான் மட்டும் பறக்கப் போறேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ஆளுங்க என்னா நெனப்பாங்க? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது லா. நீயும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்னு நெனச்சேன்."

"அப்ப அந்தச் சீட்டு யாருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நேராகக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், கேட்டதற்குப் பதில் சொன்னார். "யாருக்கும் இல்ல. பேக் வைக்கலாம். தூரமாப் போனா பெட்ரோல் எண்ணெய் டின் வச்சுக்கலாம்."

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அத்தனை காலமாக என்னை அழுத்திய பாரம் அந்த நிமிஷத்தில் இறங்கிவிட்டது. இனி யாரும் என்னை அந்தக் கூண்டுக்குள் ஏற்றப் போவதில்லை. ஆனால் எனக்கு வந்தது கோபம். அப்படி ஒரு கோபம் எனக்கு முன்னே பின்னே வந்ததில்லை. ஒரு எண்ணெய் டின்னுக்காக நான் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்திருக்கிறேன். பயந்து பயந்து செத்தேன் என்பது உண்மை. அந்தப் பயத்துக்கு அடியில், எனக்கென்று ஒருத்தர் ஓர் இடம் வைத்திருக்கிறார் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. அது அங்கே இருந்ததே, போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"இனிமே கேக்கறவங்ககிட்ட உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

"சரி லா" என்றார். ஸ்ப்ரே கன்னில் பிரைமர் இறுகிப்போவதற்குள் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

தை மாதம் நாத்தனார் வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பட்டர்வொர்த்தில் மண்டபம். இதற்கிடையில் வலப்பக்கத் தகட்டை அவர் ஆணி அடித்து மூடிவிட்டார். ஆணிக்குப் பின்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். மண்டபத்தில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். யாரோ வழக்கம்போலக் கேட்டார்கள், "எப்ப ரெண்டு பேரும் பறக்கப் போறீங்க?"

என் கணவரின் கை பழக்கத்தில் என் தோளுக்கு வந்தது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

"இவ வரல" என்றார். "இவளுக்கு அது ஒத்துக்காது. நான் தனியாத்தான் போவேன். மொதல்லேர்ந்தே அப்படித்தான்."

நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. தம்பியைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை. புரியாமல்தான் கேட்டார்.

"அப்பறம் நீ ஏம்மா இத்தன வருசமா வெயில்ல நின்னு அதப் புடிச்சே?"

சிரித்துச் சமாளிக்க எனக்குத் தெரியும். அந்த வேலையில் எனக்கு நல்ல பழக்கம். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"எனக்குன்னு ஒரு சீட்டு இருக்குன்னு சொன்னாரு, அக்கா. அதான்."

என் கணவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். பரிமாறுகிறவர் வந்து எல்லோர் இலையிலும் பாயசம் ஊற்றிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது தீவுக்கு வரும் கடல் பாலத்தில் நெரிசல். நடுப்பாலத்தில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. காருக்குள் பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் அவர் முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே சின்னச் சின்னத் தகடுதான்" என்றார். "நானே கம்பி கட்டி அடிச்சுக்கறேன். சனிக்கிழமை நீ வர வேணாம்."

எத்தனை சனிக்கிழமை இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்திருப்பேன். கேட்டதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விடத் தோன்றியது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி, இரண்டு பக்கமும் கடல். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு "சரி" என்றேன்.